மைக் முன்னால் ஒரு ஜெபம்

எங்கள் சர்ச்சில் பிரசங்கம் நாற்பது நிமிஷம். அது முப்பதாவது நிமிஷத்தைத் தாண்டும்போது பெரியவர்கள் கண்ணை மூடித் தியானம் செய்வார்கள். சிலருடைய தியானத்தில் லேசான குறட்டையும் கலந்து வரும். பெரியவர்களுக்காவது கண்ணை மூடிக்கொள்ளும் சலுகை உண்டு. பிள்ளைகள் பாவம், என்ன செய்வார்கள்? பெஞ்சுக்கு அடியில் புகுந்து மூன்று வரிசை தள்ளி முளைப்பார்கள். ஆராதனைத் தாளில் இருக்கும் படங்களுக்கெல்லாம் மீசை வரைவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தியானத்தில் இருந்த கமிட்டி அங்கத்தினர் ஒருவருடைய இரண்டு ஷூவின் கயிறுகளையும் ஒரு வாண்டு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தோம். அவரும் எழுந்தார், எழுந்த வேகத்தில் முன் பெஞ்சின் மேல் போய் விழுந்தார்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது, நானும் அதில் உண்டு. பிள்ளைகளை அடக்கி வைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த ஆயர் சின்ன வயசுக்காரர். "அடக்க வேணாம். பிரசங்கத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் அவங்களுக்குன்னு ஒரு செய்தி குடுப்போம். அதைக் கேட்டுட்டு அவங்க சண்டே ஸ்கூல் வகுப்புக்குப் போயிடட்டும்" என்றார். யார் கொடுப்பது என்று கேட்டதும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது, ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழக்கமெல்லாம் கிடையாது. எனக்கு வாய் அதிகம் என்பது மட்டும் சர்ச் இருக்கும் மயிலாப்பூரிலும் வீடு இருக்கும் அடையாறிலும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வாரம் கீழ்ப்படிதலைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பீடத்துக்கு ஏறும் படிகளில் பதினான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கம் வாசித்து மூன்றாவதைத் திருப்பினேன். முதல் படியில் இருந்த நான்கு வயசுக் குழந்தை எழுந்து வந்து, என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, இது முடிஞ்சிடுச்சா, இன்னும் இருக்கா?" என்று கேட்டது. மைக் அதை அப்படியே வாங்கிச் சர்ச் முழுக்கக் கொடுத்தது. இருநூறு பேர் சிரித்தார்கள். தியானத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து, என்னவென்று பக்கத்தில் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

அன்று இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளிடம் வாசிக்கக் கூடாது, பேச வேண்டும் என்பது ஒன்று. இருநூறு பேர் சேர்ந்து சிரித்தால் அது காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவது பிள்ளைகளுக்கு நல்லது. இரண்டாவது எனக்கு மட்டும் நல்லது. இரண்டையும் ஒரே நாளில் கற்றதால் இரண்டும் ஒன்றுதான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கோபத்தை அடக்குவதைப் பற்றிப் பேசப் பிரஷர் குக்கரையும் கரண்ட் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். சர்ச்சைப் பெருக்கி, மணியடித்து, கதவு பூட்டும் கோயில்பிள்ளை வாசலிலேயே மடக்கினார். "இன்னாக்கா, ஆண்டவருக்கே சாம்பார் வைக்கப் போறியா?" என்றார். என் பத்து நிமிஷத்துக்குள் விசில் வரவில்லை. அடுப்பை அணைக்க மறந்து போய் உட்கார்ந்துவிட்டேன். ஆயர் பிரசங்கத்தில் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பீடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு நீளமான விசில் வந்தது. ஆயரே சிரித்துவிட்டார். மறுவாரம் வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் தூணோரமாக உட்காருவார். எங்கள் சர்ச்சில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். சட்டம் ஒன்றும் கிடையாது, வழக்கம்தான். ஆராதனை முடிந்து ஸ்கூட்டரில் அடையாறுக்குத் திரும்பும்போது, "இன்னிக்கு அஞ்சு" என்பார். ஐந்து சிரிப்பு என்று அர்த்தம். எந்தெந்த இடத்தில் என்று நான் பின்னாலிருந்து கேட்பேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சிக்னல் சிக்னலாக எனக்கு மனசு நிறையும்.

ஒரே ஒரு தடவை, மந்தைவெளி தாண்டும்போது, "சிரிச்சதெல்லாம் பெஞ்சுல உக்காந்திருந்தவங்க. படியில உக்காந்திருந்ததுங்க ஒண்ணுகூடச் சிரிக்கல, பாத்தியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று முடிவு கட்டி இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அன்றைக்கே அதை யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதுபோல் கேட்டு, பதில் பெஞ்சுகளுக்குப் போய்ச் சேருகிற மாதிரி நான் பழகியிருந்தேன். எந்தக் கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளை எக்குத்தப்பாகப் பதில் சொல்லும் என்று எனக்கு அத்துப்படி. முன்கூட்டி எதுவும் சொல்லி வைக்க மாட்டேன். சொல்லி வைத்தால் பதிலில் பச்சை வாசனை போய்விடும். திடீரென்று மைக்கை வாய்க்கு முன்னால் நீட்ட வேண்டும், அதுதான் என் தொழில் ரகசியம்.

அந்தச் சின்னப் பெண்ணை நான் முதலில் கவனித்தது, பெருவெள்ளத்தையும் பேழையையும் பற்றிப் பேசிய ஞாயிறன்று. வெள்ளத்தில் பேழை மிதந்தது என்று நான் கையை விரித்துச் சொன்னபோது, படியின் ஓரத்திலிருந்து, "எங்க அபார்ட்மென்ட்லகூடக் கார் மிதந்துச்சு ஆண்ட்டி" என்றது ஒரு குரல். நான் மைக்கை நீட்டினேன். "பேழையில கரண்ட் இருந்துச்சா? எங்க வீட்ல மூணு நாள் இல்ல." சர்ச் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. வீடு வேளச்சேரியில். அப்பா, அம்மா, அவள், மூன்று பேரும் ஞாயிறுதோறும் பறக்கும் ரயிலில் ஏறி மயிலாப்பூரில் இறங்கி நடந்து வருவார்கள். அப்பாவுக்கு ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அதிகம் பேச மாட்டார், வலது பக்கம் ஐந்தாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்காருவார். அம்மா வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். அந்தப் பெண் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல மாட்டாள். யோசிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று யோசிக்கிற குழந்தை என் ஓட்டத்தைக் கெடுத்துவிடும், அதனால் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவளுக்கு எட்டு வயதான வருஷம், பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆகியிருந்தது. பொய் சொல்லாமை பற்றி ஒரு ஞாயிறு பேசினேன். சர்ச்சுக்குள் நின்று பொய் சொன்னால் அது ஆண்டவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற மாதிரி என்று அழுத்திச் சொன்னேன். அன்றைக்கே, ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் அறைக்குப் போய், அடுத்த வாரப் பாடமான ஜெபத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். யார் யார் எதற்கு ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டால் ஒருவன் சைக்கிள் என்றான், ஒருத்தி கணக்கு டீச்சருக்கு மாற்றல் வேண்டும் என்றாள். வழக்கமான சரக்குத்தான்.

எல்லோரும் ஓடிய பிறகு அவள் மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆண்ட்டி, நிழல் வேணும்னு ஜெபம் பண்ணலாமா?"

"நிழலா? எதுக்குக் கண்ணு?"

"ஒரு பெஞ்சுக்கு. அடையாறுல ஒரு பஸ் ஸ்டாப் இருக்கு. அங்க இருந்த மரத்த மெட்ரோவுக்காக வெட்டிட்டாங்க. பெஞ்சு மட்டும் இருக்கு. வெயில் நேரா மேல அடிக்குது. மரம் உடனே வளராதுல்ல, அதனால மேகமாவது வரணும்னு டெய்லி ஜெபம் பண்றேன். அப்படிப் பண்ணலாமா?"

"தாராளமா பண்ணலாம். இயேசப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்" என்றேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் புல்லரிப்பு பொய்யில்லை. ஆனால் அதற்கு அடுத்து எந்த டீக்கடைக்காரரும் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: அந்த பெஞ்சில் யாரம்மா உட்காருகிறார்கள்? அதை நான் கேட்கவில்லை. என் புத்தி அதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் தங்களுக்கு சைக்கிள் கேட்கும்போது, முன்பின் தெரியாதவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நிழல் கேட்கும் குழந்தை! இப்படி ஒரு உதாரணம் தவம் கிடந்தாலும் கிடைக்காது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்து நின்ற மாதிரி இருந்தது. அன்றே அப்படித் தோன்றியதா, இப்போது தோன்றுகிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. வெளியே வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அந்த பெஞ்சைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். ஆபீசில் பைல் புரட்டும்போதும், வெண்டைக்காய் நறுக்கும்போதும் எந்த வார்த்தையில் தொடங்கி எதில் முடிப்பது என்றே யோசனை. அவளைப் பெற்றவர்களுக்கு ஒரு போன் போட்டு, உங்கள் பெண் இப்படிச் சொன்னாள், சர்ச்சில் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. பாராட்டத்தானே போகிறோம், இதற்கு யார் அனுமதி கேட்பார்கள் என்ற நினைப்பு.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து உண்டு என்பதால் சர்ச் நிறைந்திருந்தது. பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். சைக்கிள், கணக்கு டீச்சர் என்று ஒன்றிரண்டு சிரிப்பை வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். நீலக் கவுன் போட்டிருந்தாள். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஆண்ட்டிகிட்ட ஒரு ஜெபம் சொன்னியே, அத எல்லாருக்கும் சொல்லு."

என்னை அண்ணாந்து பார்த்தாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "வெக்கப்படுறா" என்றேன் மைக்கில். பெண்கள் பக்கம் செல்லமாக ஒரு சத்தம் எழுந்தது. நானே அவள் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னேன். வெட்டிய மரம், தனியாக நிற்கும் பெஞ்சு, மேகத்துக்காக ஜெபிக்கும் குழந்தை. சர்ச் அப்படியே அமைதியாகிவிட்டது. நான் பிள்ளைகளுக்குப் பேச வந்த பதினோரு வருஷத்தில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. அதோடு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அமைதியில் முடித்து எனக்குப் பழக்கமில்லை. கடைசியில் ஒரு சிரிப்பு வேண்டும்.

"அந்த பெஞ்சுல யாரு கண்ணு உக்காருவாங்க? தாத்தா பாட்டியா?" என்று கேட்டு மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். நான் விடவில்லை. "சொல்லும்மா. சர்ச்சுல நின்னு உண்மையத்தான் சொல்லணும்னு போன வாரம் படிச்சோமே?"

ஆமாம், அதையும் நானேதான் சொன்னேன். அவள் வலது பக்கம் ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு, "எங்கப்பா" என்றாள்.

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. "அப்பாவா? பஸ்ஸுக்காகவா?" என்றேன்.

"பஸ்ல ஏற மாட்டாங்க. எல்லா பஸ்ஸும் வந்து வந்து போயிடும். அவங்க உக்காந்தே இருப்பாங்க."

என் நாக்கு எனக்காகக் காத்திருக்கவில்லை. "அப்பாவுக்கு வேண்டிய பஸ் மட்டும் வர்றதே இல்ல போலிருக்கு!" என்றேன்.

சர்ச் வெடித்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் நான் வாங்கிய சிரிப்பிலேயே பெரியது அதுதான். பின்னால் நாற்காலிகளில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் மைக்கை எடுக்காமல் நின்று, அந்தச் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அது சீக்கிரம் அடங்கக் கூடாது என்று இருந்தது. மைக் தன் வாய்க்கு முன்னாலேயே இருந்ததால், தொடர்ந்து சொல்லச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மெட்ரோ வேலைக்காக எங்க ஸ்கூல் வேன் இப்ப அந்த வழியா சுத்திப் போகுது. ரெண்டரை மணிக்கு டெய்லி பாப்பேன். ஐடி கார்டு போட்டிருப்பாங்க. மடியில டிபன் பாக்ஸ் இருக்கும்."

முதலில் முன் வரிசைகளில் சிரிப்பு நின்றது. பின் வரிசைகளுக்கு விஷயம் போய்ச் சேரச் சற்று நேரம் பிடித்தது. இடது பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளுடைய அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், வலதுபுறம், தன் வீட்டுக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே, தினமும் காலையில் அந்த டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்தவருக்கு இது தெரியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் சர்ச்சில் எது கோணலாகப் போனாலும் ஒரு வழி உண்டு. "நாம எல்லாரும் கண்கள மூடி ஜெபிப்போம்" என்றேன். இருநூறு பேரும் நன்றியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் என் பக்கத்தில் இல்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். அன்றைய பிரசங்கத்தில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

ஆராதனை முடிந்து நான் மைக்கைக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பதற்குள், கோயில்பிள்ளை, "இன்னாக்கா, அந்தப் பாப்பாவோட அப்பாவுக்கு வேலை போய்ட்ச்சாமே? அந்தக் கம்பெனில ஆளுங்கள அனுப்பி நாலு மாசமாச்சாம், வூட்ல சொல்லாமக்கீறாராமே?" என்று கேட்டார். அவர்கள் மூவரும் பின்பக்கம் கொடுக்கும் டீக்கு நிற்காமல் போயிருந்தார்கள். ஸ்கூட்டரில் வீட்டுக்காரர் எண்ணிக்கை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடையாறு பாலத்தில் எதிர்க்காற்று அடித்ததால் நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

நான்கு மாதம் என்பது சரிதான். ஒரே நாளில் ஒரு தளத்தில் இருந்த எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அவர் தள்ளிப் போட்டிருக்கிறார். காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போய், வேளச்சேரியிலும் ஓ.எம்.ஆரிலும் தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடமாக அடையாறில் அந்த பெஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வேனின் வழி மாறியது அவருக்குத் தெரியாது. பார்த்த பெண்ணோ யாரிடமும் மூச்சு விடவில்லை. எட்டு வயதுக்கு அது பெரிய பாரம். அதில் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, அப்பாவின் பெயரைச் சொல்லாமல், இந்த மாதிரி ஜெபம் பண்ணலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் அதை உதாரணமாக்கிவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு நிறைய போன் வந்தது. "உங்க மூலமா ஆண்டவரே வெளிப்படுத்திட்டார் பாருங்க, இப்ப நாலு பேரு வேலைக்குச் சொல்லி வெக்கலாம்ல" என்றார்கள். ஆண்டவர் மேல் பழியைப் போட எவ்வளவு சுலபமாக வருகிறது நமக்கு! எரிச்சலாக இருந்தது. ஆனால் இரண்டொரு நாள் நானும் அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை வேளச்சேரிக்குப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார். காபி கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரிய வேண்டிய விஷயந்தான் ஆண்ட்டி. அத அவர்கிட்ட இருந்து கேட்டிருப்பேன். இல்லன்னா எம்பொண்ணுகிட்ட இருந்து கேட்டிருப்பேன். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் கேட்டேன், அதுதான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் வீட்டுக்காரர் வேலை விஷயமாக யாரையோ பார்க்கப் போயிருந்தார். உள்ளறையில் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. "கூப்பிடட்டுமா?" என்றார். "வேணாம், படிக்கட்டும்" என்றேன். படிப்புக்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம்.

அவர்கள் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தவில்லை. பிள்ளைகளெல்லாம் படிக்கு ஓடும்போது அவள் மட்டும் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று ஞாயிறு பேசினேன். மூன்றாவது வாரம், கேள்வி கேட்க ஒரு பையனிடம் நீட்டிய மைக்கைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். அன்றே ஆயரிடம் போய், முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். அந்தப் பொய்யை சர்ச்சுக்குள் நின்றுதான் சொன்னேன். அவரும் நம்பின மாதிரி தலையாட்டினார்.

இப்போது ஒரு இளைஞர் அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்துக்கொள்கிறார். திரை போட்டு வீடியோ காட்டுகிறார். நன்றாகவே இருக்கிறது. ஆரம்பத்தில் என்னிடம் வந்து, பிள்ளைகளைப் பிடித்து வைக்க ஏதாவது யோசனை சொல்லுங்கள் ஆண்ட்டி என்று கேட்டார். "அதுங்க பேசினா மைக்க ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க. நெறைய நேரம் கேளுங்க. அடுத்த வாரம் அத யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். இந்தக் கிழவிக்கு விட மனசில்லை என்று நினைத்திருப்பார். சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு எட்டு மாதம் கழித்து சிறுசேரியில் வேலை கிடைத்தது. முன்பைவிடச் சின்ன வேலை. ஆனால் வேலை. அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினொரு வயது, அம்மா தோள் வரை வளர்ந்துவிட்டாள். பார்த்தால் "ஸ்தோத்திரம் ஆண்ட்டி" என்று மரியாதையாகச் சொல்வாள். எல்லோருக்கும் சொல்லுகிற மாதிரிதான். அப்பாவிடம் மட்டும் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று வருஷமும் ஆராதனை முடிந்ததும் வேறு வாசல் வழியாகப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பின்பக்க வேப்பமரத்தடியில் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, காகிதக் கப்போடு அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். இனி ஓடினால் நன்றாக இருக்காது. "தம்பி, அன்னைக்கு நடந்ததுக்கு நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கல" என்றேன்.

"அதெல்லாம் இல்லக்கா" என்றார். "வேலை போனது வெளிய தெரிஞ்சதுல எனக்கு வருத்தமே கிடையாது. நாலு மாசம் சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம இருந்தேன். யாராவது போட்டு உடைச்சாத் தேவலன்னுகூட நெனச்சிருக்கேன்."

எனக்கு மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது. நல்லவேளை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் கப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"நீங்க அன்னைக்கு என்னைப் பாக்கல. எல்லாரும் சிரிச்சப்ப பக்கத்துல இருந்தவரு எம் முதுகுல தட்டிச் சிரிச்சாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, நானும் சிரிச்சிட்டேன். சத்தமாவே சிரிச்சேன். அவ மைக்குக்கு முன்னால நின்னுக்கிட்டு என்னையேதான் பாத்துட்டிருந்தா."

காகிதக் கப்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

"எங்க வீட்ல சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டுக்கா. அவதான் முடிக்கிற ஜெபம் பண்ணுவா. அம்மாவுக்குப் பண்ணுவா, ஊர்ல இருக்கிற தாத்தாவுக்குப் பண்ணுவா, வேன் டிரைவருக்குக்கூடப் பண்ணுவா. எனக்கு மட்டும் பண்றதில்ல. ரொம்ப நாள் கேக்காமத்தான் இருந்தேன். போன வாரம் கேட்டுட்டேன், அப்பாவுக்கு ஜெபம் பண்ண மாட்டியாம்மான்னு. 'நீங்கதான் சிரிச்சீங்களேப்பா'ன்னா. கோவமால்லாம் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா."

கேட்டுக்குப் பக்கத்தில் அம்மாவோடு நின்றிருந்த அவள், ரயிலுக்கு நேரமாகிறது என்று அவருக்குக் கை காட்டினாள். அவர் கப்பைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, வர்றேன்க்கா என்று சொல்லிப் போனார். அந்தச் சிரிப்பை அவர் வாயில் வைத்தவள் நான் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.